உவர்மலை ஏற்றத்தில் பத்து நிமிடம்

சமதரையில் அது ஒரு குறையும் இல்லாத வண்டி.
கடற்கரை வீதியில் சொன்னபடி ஓடும்,
கோட்டை வாசலில் மானுக்கு நின்று வழிவிடும்.
உவர்மலை ஏற்றத்தில்
மூன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு இறக்கும் இடத்தில் மட்டும்
ஒரு தரம் விக்கி
வாயை மூடிக்கொள்ளும்.

எண்பத்தொன்றில் பிறந்த டட்சன்.
என்னைவிட நான்கு வயது மூத்தது.

கராஜில் சொன்னார்கள்: பம்ப்.
பம்ப் மாற்றினோம். ஏற்றத்தில் நின்றது.
பிறகு சொன்னார்கள்: கொயில்.
சம்பளத்தில் பாதி கொயிலாயிற்று. நின்றது.
கிண்ணியாவில் படகு எஞ்சின் பார்க்கும் நிஹ்மத்துல்லா
"வெக்கையில பெற்றோல் ஆவியாகுது தங்கச்சி,
குழாயில ஈரத்துணி போடுங்க" என்றார்.
போட்டோம்.
பத்து நிமிடத்தில் ஸ்ராட் ஆனது.

துணி மறந்த நாளில்
குகதாஸ் கோணேசரைப் பார்த்த திசையில் கும்பிட்டார்.
பத்து நிமிடத்தில் ஸ்ராட் ஆனது.
இன்னொரு நாள் வீதியோரம் நின்று
இந்தச் சனியனை வித்துப்போடு, மாட்டேன் என்று
சண்டை பிடித்தோம்.
சண்டைக்கும் பத்தே நிமிடம்.

ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் பன்னிரண்டு வருடம்
நான் செய்யும் வேலை இதுதான்:
ஒரு குழாயில் மருந்து விட்டால்
பக்கத்துக் குழாயில் விடாமல் வைத்துப் பார்ப்பது.
இரத்தத்துக்குச் செய்ததை
வண்டிக்குச் செய்யவில்லை.

போன செவ்வாய்
இரவு டியூட்டிக்குப் பிந்திவிட்டது.
தனியே இருந்தேன். நின்றது.
துணி இல்லை, சாமி இல்லை, புருஷன் இல்லை.
கோபத்தில் உடனேயே திறப்பைத் திருப்பினேன்.

ஸ்ராட் ஆனது.

அப்படியென்றால் அந்தப் பத்து நிமிடம்
வண்டியுடையது இல்லை.
எங்களுடையது.
இரண்டாம் நிமிடத்தில் ஒருவரும்
கேட்டுப் பார்க்கவில்லை.
சூடு ஆற நேரம் வேண்டும். அசைவு நின்றால் போதுமென்றால்
பிழை வேறெங்கோ.

மறுநாள் இரவு பொனற்றைத் திறந்து
டிஸ்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினேன்.
டோர்ச் பிடிக்க குகதாஸ்.
நான் பார்க்கும் இடத்துக்கு அவர் வெளிச்சம் ஒருநாளும் வராது.
அவர் பார்க்கும் இடத்துக்கே போகும்:
சுவரில் பல்லி, என் கழுத்தில் கிரீஸ்,
தொலைவில் துறைமுகத்துக் கப்பலின் விளக்கு.
பொயின்ற் இடைவெளிக்கு அளவுத் தகடு இல்லை.
விழாத லொத்தர்ச் சீட்டை இரண்டாய் மடித்தேன், சரியாக இருந்தது.
அந்தச் சீட்டு வேறு எதற்கும் உதவியதில்லை.
மீற்றரின் இரு முனைகளையும் வைத்தேன்.
எல்லாம் நல்லம் என்றது மீற்றர்.
படுத்துக்கிடக்கும் நோயாளியிடம்
நெஞ்சு நோகுதா என்று கேட்டதுபோல.

ஏற்றம் என்றால் உள்ளே தட்டு திரும்பும்.
விரலால் தட்டைத் திருப்பினேன்.
"வெளிச்சத்த இங்க பிடியுங்கோ."
அவர் தவறான பக்கத்தில் பிடித்தார்.
அந்தத் தவறில், பின்னாலிருந்து வந்த ஒளியில்,
விரல் நீளமும் இல்லாத ஒரு வயர்
தட்டோடு சேர்ந்து அசைந்தது,
நடுவில் மட்டும்
வெறும் தோலாக மடிந்தது.

தோல் முழுசு. உள்ளே செம்பு அறுந்திருந்தது.
தட்டு ஓய்ந்தால் இரு முனையும் ஒட்டிக்கொள்ளும்,
திரும்பினால் விலகும்.
எத்தனை வருடமாக
ஆட்கள் முன் ஒட்டியும் ஏற்றத்தில் விட்டும்.
குகதாஸ் ஒன்றும் சொல்லவில்லை.
நானும் அவரைப் பார்க்கவில்லை.

மாற்று வயர் வளைய வேண்டும்,
ஆயிரம் தரம் வளைந்தும் அறுக்கூடாது.
வீட்டிலிருந்த வயரெல்லாம் விறைத்தவை.
இரவு பதினொன்றுக்கு எந்தக் கடை?
கையிலிருந்த மீற்றரைப் பார்த்தேன்.
அதன் கறுப்பு வயர், தலைமயிர்போல இழைகள்,
பூனைவால்போல விழும்.
வெட்டினேன்.
"விசரே உமக்கு" என்றார்,
டோர்ச் முதல்முறையாக
சரியான இடத்தில் நின்றது.

விடிய ஏற்றத்தில் இரண்டாம் கியர்.
விக்கவில்லை.
மேலே போய் வீதியோரம் நிறுத்தி
எஞ்சினை ஓடவிட்டபடி சும்மா இருந்தோம்,
பழக்கதோஷம், பத்து நிமிடம்.

வண்டியில் இனி ஒரு பிழை வந்தால்
அளக்க என்னிடம்
சிவப்பு முனை மட்டும்தான் உண்டு.